ஒன்பது-பி கெட்டுப்போன கதை

1

இந்தக் கதை நான் ஆசைப்பட்டு எழுதியது அல்ல. ஓர் ஆய்வேட்டிலிருந்து கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டது. ஆய்வேட்டின் 143ஆம் பக்கத்தில் மேலிருந்து கீழ்வரை சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, ஓரத்தில் என் வழிகாட்டி ராமாமணி மேடம் எழுதியிருந்தார்: 'இது ஆராய்ச்சி அல்ல, கதை. எடுத்துவிடவும்.'

எடுத்துவிட்டேன். எடுத்ததை எங்கே வைப்பது என்று தெரியாமல் இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறேன்.

பல்லடத்துக்குச் சற்று இந்தப் பக்கம் இருக்கும் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் ஆங்கில ஆசிரியை. காந்திபுரத்தில் பஸ் ஏறி தினமும் போய் வருகிறேன். பள்ளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும், எனக்கு ஏற்கெனவே எழுத நிறைய இருக்கிறது. ஆறு வருடமாக முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்கிறேன். தலைப்பு மூன்று வரி நீளும். சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான்: ஆங்கில வகுப்பில் பிள்ளைகள் குழுவாக உட்கார்ந்து ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் படித்தால் நன்றாக வருமா, இல்லை வழக்கம்போல ஆசிரியர் முன்னால் நின்று நடத்த, எல்லோரும் கேட்டு எழுதிப் படித்தால் நன்றாக வருமா?

பதில் என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?

குழுதான். அதை நிரூபிக்கத்தானே ஆறு வருடம். (மன்னிக்க வேண்டும். கேள்வியைக் கேட்டுவிட்டு நானே பதில் சொல்லிவிடுவது என் பழக்கம். பதினேழு வருட வாத்தியார் வேலை தந்த வியாதி. இந்தக் கதையில் இன்னும் சில இடங்களில் செய்வேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் தொடக்கம்: 'ஜூன் மாதத்து மேகமூட்டமான ஒரு காலையில், ஒன்பதாம் வகுப்பு ஏ பிரிவின் பெஞ்சுகள் வட்டமாக—'

பெஞ்சுகள் வட்டமாகாது. ஆறடி நீள இரும்புக்கால் பெஞ்சு. அதை இழுத்தால் கீழே கணக்கு வகுப்பு நடத்துபவர் மேலே ஏறி வந்துவிடுவார். முன் பெஞ்சில் இருவர் பின்பக்கம் திரும்பி உட்கார, பின் பெஞ்சில் இருவர் அவர்களைப் பார்த்து உட்கார்ந்தால் அது ஒரு குழு. எங்கள் வட்டம் அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: 'கல்வி என்பது—'

இப்படித் தொடங்கும் எதையும் நான் வாசிக்க மாட்டேன். நீங்களும் வாசிக்க வேண்டாம்.

மூன்றாம் தொடக்கம்: 'ஒரே பள்ளி, ஒரே வயது, ஒரே பாடப்புத்தகம், இரண்டு பிரிவுகள்.' இது அழகாக இல்லை, ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்கிறேன்.

ஒன்பது-ஏ பிரிவில் நாற்பது பேர். அது சோதனைக் குழு. அவர்களுக்கு நான் குழுமுறையில் நடத்தினேன். நான்கு நான்கு பேராகப் பத்துக் குழு. ஒரு பாடத்தை நான்கு துண்டாகப் பிரித்து ஆளுக்கொரு துண்டு கொடுப்பேன். தன் துண்டைப் படித்துப் புரிந்துகொண்டு மற்ற மூவருக்கும் சொல்லித்தர வேண்டும். கடைசியில் குழுவில் எவரை வேண்டுமானாலும் எழுப்பி, எந்தத் துண்டிலிருந்து வேண்டுமானாலும் கேட்பேன். ஒரு விதியை அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தேன்: 'ஒருவர் விட்டுப்போனாலும் குழுவுக்கே மதிப்பெண் இல்லை.'

ஒன்பது-பி பிரிவிலும் நாற்பது பேர். அது கட்டுப்பாட்டுக் குழு. அவர்களுக்கு எதையும் மாற்றக் கூடாது. வழக்கமான ஆசிரியர் வழக்கமான முறையில் நடத்த வேண்டும். வருடக் கடைசியில் இரண்டு பிரிவுக்கும் ஒரே தேர்வு. ஏ எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு என் முறைக்கு வெற்றி. அதனால் ஜூன் மாதமே ஏ பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "நாம இங்க என்ன பண்றோம்னு பி செக்சனுக்குச் சொல்லக் கூடாது. சொன்னா டீச்சரோட ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்."

"செரீங்க டீச்சர்" என்று நாற்பது பேரும் சொன்னார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் மறுத்துப் பேச மாட்டார்கள். அதை நம்பியது என் முதல் பிழை.

3

பி பிரிவுக்கு ஆங்கிலம் நடத்தியவர் ரங்கராஜ் சார். முப்பத்தொரு வருட அனுபவம், வருகிற மே மாதம் பணி ஓய்வு. இந்தக் கதையில் நான் அதிகம் சந்தேகப்பட்ட பாத்திரம் இவர்தான்.

முதல் வரைவில் அவர் கையில் பிரம்பு கொடுத்தேன். 'ரங்கராஜ் பிரம்பை மேசையில் தட்டினார். வகுப்பு நடுங்கியது.' நிஜத்தில் அவர் பிள்ளைகளைக்கூட 'ங்க' போட்டுப் பேசுகிறவர். ஒரு பிள்ளை எழுந்து நின்றால் தான் பேசிக்கொண்டிருப்பதை அப்படியே நிறுத்திவிட்டு, "சொல்லுங்க கண்ணு" என்று காத்திருப்பார். பிரம்பைப் பிடுங்கிவிட்டேன்.

இரண்டாம் வரைவில் அவரைப் பரிதாபத்துக்குரியவர் ஆக்கினேன். காலம் கைவிட்ட மனிதர், சுண்ணக்கட்டித் தூள் படிந்த— இதையும் அடித்தேன். அவரைப் பார்த்து யாரும் பரிதாபப்பட முடியாது. எட்டு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருக்கிறார், காலையில் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வகுப்புக்கு வருகிறார், கரும்பலகையைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் தானே ஈரத்துணியால் துடைக்கிறார். எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். ஒரு வரி வாசிப்பார், நாற்பது பேரும் சேர்ந்து திரும்பச் சொல்வார்கள். அர்த்தம் சொல்வார், எழுதிக்கொள்வார்கள். கேள்வி கேட்பார், அவரே பதிலும் சொல்வார்.

[ஓரக்குறிப்பு: ஆய்வுக்காக அவர் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். 'கேள்விக்குப் பின் ஆசிரியர் காத்திருக்கும் நேரம்' என்று ஒரு கட்டம் உண்டு. ஜூலை: இரண்டு விநாடி. ஆகஸ்ட்: இரண்டு விநாடி. பிப்ரவரி: ஒன்பது விநாடி. பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: 'ஒரு மாணவி காரணமில்லாமல் எழுந்து நிற்கிறாள். ஒழுங்குக் குறைவு.' இதை இப்போதைக்கு ஓரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அப்படித்தான் வைத்திருந்தேன், அதுதான் என் இரண்டாம் பிழை.]

ஆக மூன்றாம் வரைவில் ரங்கராஜ் சாரை ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டேன். அவர் பாட்டுக்கு நடத்திக்கொண்டிருக்கட்டும்.

4

பிப்ரவரிக் கடைசியில் தேர்வு வைத்தேன். விடைத்தாள்களை ராமாமணி மேடம் வேறு இருவரை வைத்துத் திருத்தச் சொன்னார். ஜூனில் வைத்த முதல் தேர்வில் ஏ பிரிவின் சராசரி 31, பி பிரிவு 30. இப்போது ஏ பிரிவு 58.

பி பிரிவு எவ்வளவு என்று ஊகியுங்கள்.

57. (பாருங்கள், மறுபடியும்.)

கணினியில் மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் ஒரே பதில்: இரண்டு பிரிவுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. ஆறு வருடம் பஸ்ஸில் உட்கார்ந்து படித்ததும், ஞாயிற்றுக்கிழமைகளை நூலகத்தில் தொலைத்ததும், என் முறைக்கு எந்தப் பலனும் இல்லை என்று சொல்லத்தானா? பல்கலைக்கழகம் கொடுத்த கடைசி நீட்டிப்பு மார்ச் முடிவில் முடிகிறது. அதற்குமேல் வாசல் கிடையாது.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் நான் யோசிக்க மாட்டேன். நேராக ஒன்பது-பி வகுப்புக்குப் போனேன். மணி அடித்து, பிள்ளைகள் போய்விட்டார்கள். ரங்கராஜ் சார் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சார், கேள்வித்தாள் எப்படியாச்சும் உங்க கைக்கு வந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

அவர் துணியைப் பிழிந்து, உதறி, ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். அதற்குப் பிறகுதான் திரும்பினார்.

"இல்லீங்க டீச்சர். பீரோவுல வெச்சுப் பூட்டுனது நீங்க. சாவியும் உங்ககிட்டத்தானுங்க இருந்துச்சு."

"அப்ப பசங்கள குரூப்பா உக்கார வெச்சீங்களா?"

"எனக்கு அதெல்லாம் வராதுங்க. எப்பவும்போலத்தான் நடத்துனேன்." பிறகு, ஒரு குழந்தை மாதிரிச் சிரித்தார். "ஆனா ஒண்ணுங்க டீச்சர். முப்பத்தோரு வருசத்துல என் கிளாஸ் இந்த மாதிரி அமைஞ்சதில்லீங்க. முந்தியெல்லாம் கேள்வி கேட்டுப்போட்டு நானே சொல்லிப்போடுவேன். இப்ப சித்த பொறுத்துப் பாக்கறேன், பசங்க சொல்லிப்போடறாங்க. மதன்குமாரு சொல்றானுங்க. ஜூன்ல ஒரு வரி வாசிக்கச் சொன்னா அழுத பையனுங்க அவன். ரிட்டையர் ஆகற வருசத்துலயாச்சும் நடத்தக் கத்துக்கிட்டேனாட்ட இருக்குதுன்னு ஊட்ல சொல்லிட்டு இருக்கறேனுங்க."

அவருக்குத் திருட்டுப் பட்டம் கட்டப் போனவள், வாழ்த்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

6

(ஐந்தை அடித்துவிட்டேன். அதில் பஸ்ஸில் வீடு திரும்பும்போது நான் நினைத்ததெல்லாம் இருந்தது. நினைத்தது எல்லாமே தப்பு.)

மறுநாள் முதல் பஸ்ஸைப் பிடித்து எட்டு மணிக்கே வந்து இறங்கினேன். மதன்குமாரைத் தனியாகப் பிடித்து விசாரிப்பது என் திட்டம். அவன் வந்தான். கையில் ஆங்கிலப் புத்தகம் திறந்திருந்தது. பள்ளிக்குள் போகாமல் சாலையைத் தாண்டி எதிர்ச்சந்துக்குள் நுழைந்தான். நான் பின்னாலேயே போனேன்.

அந்தச் சந்து முழுக்கத் தறிக்குடோன்கள். கடைசிக் குடோன் ஏ பிரிவில் படிக்கும் ஆஃப்ரினுடைய அத்தா ஷேக் பரீத்துடையது. பதினாறு விசைத்தறி ஒன்றாக ஓடும். வாசலில் கால் வைத்ததும் என் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. உள்ளே நூல் கோன்கள் அடுக்கிய சுவர் ஓரமாகத் தரையில் இருபத்துமூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஏ பிரிவும் பி பிரிவும் கலந்து.

சத்தமே போட முடியாத இடத்தில் அவர்கள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதை எப்படி எழுதுவது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'அங்கே ஒரு அற்புதம்—' வேண்டாம். கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன்.

தறிக்குடோனில் காது வேலை செய்யாது. அதனால் அங்கே வேலை செய்கிறவர்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள். சொல்கிறவர் ஒவ்வொரு சொல்லையும் உதடு நிறையச் சொல்ல வேண்டும். கேட்கிறவர் கண்ணை எடுக்கக் கூடாது. கேட்டதை உடனே அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். இல்லையென்றால் நூல் அறுந்த தறி ஓடிக்கொண்டிருக்க, நன்றாக ஓடும் தறியை நிறுத்திவிடுவார்கள். இந்தப் பிள்ளைகள் தவழ்ந்த வயதிலிருந்து இந்தப் பேச்சில் வளர்ந்தவர்கள். ஆங்கிலப் பாடத்தையும் அப்படியே நடத்திக்கொண்டிருந்தார்கள். ஆஃப்ரின் ஒரு வரியை உதட்டால் சொன்னாள். எதிரில் இருந்த மதன்குமார் அவள் வாயையே பார்த்து, அந்த வரியைத் திருப்பிச் சொன்னான். பிறகு அதன் அர்த்தத்தைத் தமிழில் சொன்னான். அதை அவள் திருப்பிச் சொன்னாள். இருவரும் தலையாட்டிய பிறகுதான் அடுத்த வரி.

முகத்தைப் பார்த்துப் பேசு, புரிந்ததா என்று திருப்பிச் சொல்லவைத்துச் சரிபார், அதன் பிறகு மேலே போ. என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் இதை எழுத எனக்கு நாற்பது பக்கமும் எத்தனையோ வெளிநாட்டு நூல்களும் தேவைப்பட்டன. பள்ளிக்கு எதிர்ச்சந்தில் இது தினமும் ஓடிக்கொண்டிருந்தது. நான் பதினேழு வருடமாக அந்தச் சந்தைத் தாண்டித்தான் போய்க்கொண்டிருந்தேன். மலைத்துப்போய் நின்றேன்.

தறிகளுக்கு நடுவிலிருந்து ஓர் அம்மாள் வந்து என் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனார். மாரியாத்தாள். பி பிரிவு லோகப்பிரியாவின் அம்மா. அங்கே எட்டுத் தறி பார்க்கிறார்.

"புள்ளைகள ஒண்ணும் சொல்லிப்போடாதீங்க டீச்சர்" என்றார். "நல்லதுதானுங்க பண்றாங்க."

"உங்களுக்கு அவங்க பேசறது புரியுதுங்களா?"

"எனக்கு எங்கீங்க இங்கிலீசு. நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே போனதில்லீங்க. ஆனா யாருக்கு ஏறிருக்குது, யாருக்கு ஏறலைன்னு தெரியுமுங்க." உள்ளே எட்டிப் பார்த்து ஒரு பெண்ணைக் காட்டினார். "அந்தப் புள்ளைக்கு இன்னும் ஏறலீங்க. வாய் தயங்குது பாருங்க. நான் லோகுக்குச் சாடை காட்டுவேன், அவ மறுக்கா அங்க போவா."

அவர் காட்டிய பெண்ணை நான் அன்று வகுப்பில் எழுப்பிக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. மாரியாத்தாள் சொன்னது சரியாக இருந்தது.

7

மதிய இடைவேளையில் ஆஃப்ரினையும் லோகப்பிரியாவையும் வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டேன். இந்த உரையாடலில் ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை. சேர்க்கும் அளவுக்கு எனக்குத் திறமை இல்லை.

"பி செக்சனுக்குச் சொல்லக் கூடாதுன்னு ஜூன்லயே சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க டீச்சர்" என்றாள் ஆஃப்ரின். "நாங்க சொல்லலீங்க."

"பின்ன காலைல பாத்தது என்ன?"

"அவங்களக் குரூப்புல சேத்துக்கிட்டோமுங்க. குரூப்புல சேந்ததுக்கு அப்பறம் அவங்க பி இல்லீங்களே."

"எதுக்குச் சேத்தீங்க?"

ஆஃப்ரின் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். கேட்கவே வேண்டாத கேள்வியைக் கேட்டுவிட்டேன் என்பது அவள் முகத்தில் தெரிந்தது. "நீங்கதானுங்க எழுதி ஒட்டுனீங்க. ஒருத்தரு உட்டுப்போனாலும் குரூப்புக்கே மார்க் இல்லைன்னு. நானும் லோகும் பக்கத்துப் பக்கத்து ஊடு. அவ உட்டுப்போறாளே டீச்சர்."

விதியை நான்தான் எழுதினேன். குழு எங்கே முடிகிறது என்று எழுத மறந்துவிட்டேன். அவர்கள் அதை முடிக்கவில்லை. நாலு பேரில் ஆரம்பித்து, தறிச் சந்துப் பிள்ளைகள் இருபத்துமூன்று பேராகி, அவர்கள் பஸ்ஸில் வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல, தீபாவளிக்குள் பி பிரிவு முழுவதும் உள்ளே வந்துவிட்டது. எண்பது பேர். ஏழு மாதம். ஒரு ஆசிரியருக்கும் தெரியாது.

"பாடமெல்லாம் முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு ரங்கராஜ் சார் கிளாஸ்ல என்னதான் பண்ணுனீங்க?" என்று லோகப்பிரியாவைக் கேட்டேன்.

அவள் ஆஃப்ரினைப் பார்த்தாள். ஆஃப்ரின் தன் ரஃப் நோட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைத் திருப்பி என்னிடம் கொடுத்தாள்.

8

பட்டியல் அது. பத்துக் குழு. ஒவ்வொன்றிலும் ஏ நான்கு, பி நான்கு. ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் அவருக்கு என்ன வர வேண்டும் என்று எழுதி, வந்துவிட்டால் ஒரு டிக். ஆறாம் குழுவை மட்டும் இங்கே படியெடுக்கிறேன், எல்லாப் பெயரும் இல்லை.

மதன்குமார் — சத்தமா வாசிக்கோணும். (டிக்)
லோகப்பிரியா — அடுத்தவங்க பதில அவளே சொல்லக் கூடாது. (டிக்)
ஆஃப்ரின் — கோவப்படக் கூடாது. (பாதி டிக்)
ரங்கராஜ் சார் — பொறுக்கோணும். (டிக்)

நாலாவது வரியை மூன்று முறை வாசித்தேன்.

"சாரையும் சேத்துக்கிட்டோமுங்க" என்றாள் லோகப்பிரியா மெதுவாக. "அவரும் எங்க கிளாஸ்லதானுங்க இருக்காரு. அவரு நல்லாத்தான் நடத்துவாரு டீச்சர், ஆனா கேட்டதும் அவரே பதில் சொல்லிப்போடுவாரு. மதனுக்கெல்லாம் யோசிக்கறதுக்குள்ள முடிஞ்சுபோயிரும். அதனால, அவரு சொல்ல வாய் தொறந்தாருன்னா நான் எந்திரிச்சு நின்னுக்குவேனுங்க. பதில் சொல்றதுக்கு இல்லீங்க. சும்மா. யாராச்சும் நின்னா சார் பேச மாட்டாருங்க, மரியாதைக்காரரு. பொறுப்பாரு. அதுக்குள்ள மதன் யோசிச்சுக்குவான்."

"அப்பறம் நிக்கவே வேண்டியதில்லீங்க" என்றாள் ஆஃப்ரின். "மாசிலேர்ந்து அவரே பொறுக்கறாரு. அன்னிக்குத்தான் டிக் போட்டோம்."

காரணமில்லாமல் எழுந்து நிற்கும் மாணவி. ஒழுங்குக் குறைவு. என் கையெழுத்தில், தேதியோடு இருக்கிறது. இரண்டு விநாடி ஒன்பது விநாடியானதுகூட என் கட்டத்துக்குள் வந்து விழுந்திருக்கிறது. நான் எண்ணிவிட்டு, பக்கத்தைத் திருப்பியிருக்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளைகள், முப்பத்தொரு வருடம் நடத்திய ஒருவருக்கு, அவர் மனம் ஒரு துளியும் வருந்தாமல், அவருடைய மரியாதையையே பாலமாகப் போட்டு, பொறுமையைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவர் வீட்டில் சொன்னது பொய்யில்லை. அவர் நிஜமாகவே நடத்தக் கற்றுக்கொண்டிருந்தார். யாரிடம் என்பதுதான் அவருக்குத் தெரியாது.

அழுதேன். பிள்ளைகள் பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள்.

பட்டியலில் சாருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. அதைப் பத்தாம் பகுதியில் சொல்கிறேன். (ஒரு பதிலையாவது தள்ளிப்போட்டுப் பழகுகிறேன்.)

9

இனி முடிவு. என்னிடம் மூன்று இருக்கின்றன.

முதல் முடிவு. எடுத்த பக்கத்தை மறுபடி சேர்த்து, நடந்ததை அப்படியே ஆய்வேட்டில் எழுதுகிறேன். அதைத்தான் 143ஆம் பக்கத்தில் எழுதினேன். ராமாமணி மேடம் கோடு போட்டதோடு நிற்கவில்லை, போனில் கூப்பிட்டும் சொன்னார். "கட்டுப்பாட்டுக் குழு கெட்டுப்போச்சு அம்மணி. ஒப்பிடறதுக்கு ஒண்ணுமே இல்லைன்னு நீங்களே ஒத்துக்கறீங்க. வைவாவுல முதல் கேள்வியிலயே எந்திரிச்சுப் போகச் சொல்லிருவாங்க. நீட்டிப்பும் இனிக் கிடையாது." அதாவது பட்டம் இல்லை. அது போகட்டும். அந்த வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வரலாம். எந்தத் தேதியானாலும் முன்வரிசையில் வந்து உட்கார்வதாக ரங்கராஜ் சார் இப்போதே சொல்லிவிட்டார். பிள்ளைகள் வகுப்புக்கு வருமுன்னே பாடம் படித்துவிட்டு வந்தார்கள் என்பதை அவர் முதன்முதலாக அங்கே, மைக்கில், என் வாயால் கேட்பார்.

இரண்டாம் முடிவு. எண்களை மட்டும் வைத்துவிட்டு வாயை மூடிக்கொள்கிறேன். 58, 57, வேறுபாடு இல்லை. பட்டம் கிடைக்கும். ரங்கராஜ் சார் மே மாதம் மாலையோடு வீட்டுக்குப் போவார். ஆய்வேடு நூலகத்தில் இருக்கும். என்றைக்காவது யாராவது அதை எடுத்து, 'குழுவாகப் படிப்பதால் பயனில்லை என்று பல்லடத்தில் நிரூபித்திருக்கிறார்கள்' என்று எழுதுவார்கள். அந்தத் தறிக்குடோனைப் பற்றி இதைவிடப் பெரிய பொய் இருக்க முடியாது. ஏ பிரிவுக்கும் பி பிரிவுக்கும் வேறுபாடு இல்லாமல் போனதற்குக் காரணம் அந்த முறை தோற்றது அல்ல. அது சுவரைத் தாண்டிப் போனது.

மூன்றாம் முடிவு. வேறு ஏதாவது பள்ளியில் ஒரு வகுப்புக்கு இந்த வாரம் தேர்வு வைத்து, அந்த மதிப்பெண்களைப் பி பிரிவின் இடத்தில் போட்டு, தேதியை—

இதை எழுதும்போதே கை கூசுகிறது. ஆனாலும் ஓர் இரவு முழுக்க இதை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். அடித்த கோட்டையும் அழிக்காமல் விடுகிறேன்.

ரங்கராஜ் சாரிடம் தனியாக முன்கூட்டியே சொல்லிவிடலாமே என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் காட்சியையும் எழுத உட்கார்ந்தேன். 'சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க—' அவர் துணியைப் பிழிந்துவிட்டுத் திரும்புகிறார். அதற்குமேல் பேனா நகரவில்லை. அவர் முகத்தில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை. கோபம் எழுதினால் அது அவர் இல்லை. சிரிப்பு எழுதினால் அது என் வசதி.

10

பட்டியலின் அந்தக் கடைசி வரி இதுதான்.

இங்கிலீஷ் டீச்சர் — எங்களக் கேக்கோணும்.

எதிரில் டிக் இல்லை.

உண்மைதான். பத்து மாதம் அவர்களைப் பார்த்தேன், எண்ணினேன், கட்டம் போட்டு எழுதினேன். ரங்கராஜ் சாரைச் சந்தேகப்பட்டேன். கணினியை மூன்று தடவை கேட்டேன். பிள்ளைகளை ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் பதில் எனக்கு ஏற்கெனவே தெரிந்த கேள்விகள். அவர்கள் வெறுப்பாக எழுதவில்லை. மதன்குமாருக்கு வாசிக்க வர வேண்டும் என்பது போல, எனக்கு இது வர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். என்னையும் விட்டுவிடாமல் சேர்த்திருந்தார்கள்.

அதனால் இன்று காலை தறிக்குடோனுக்குப் போனேன். வெள்ளிக்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும், இன்று புதன். வாசலில் மாரியாத்தாள் என்னைப் பார்த்ததும் ஒரு சாக்கை உதறித் தரையில் விரித்தார். ஆறாம் குழுவோடு உட்கார்ந்தேன். பதினாறு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. கத்திப் பயனில்லை. ஆஃப்ரின் வாயைக் காட்டி, 'மெதுவா' என்று சைகை செய்தாள். உதடு நிறைய, ஒவ்வொரு சொல்லாக, மூன்று முடிவுகளையும் சொன்னேன். என் பட்டம் போகலாம் என்பதையும் சொன்னேன், ரங்கராஜ் சார் முன்வரிசையில் இருப்பார் என்பதையும் சொன்னேன். கடைசியாகக் கேட்டேன்: "நான் என்ன எழுதட்டும்?"

இருபத்துமூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள். பிறகு எல்லோரும் ஒன்றாக, உதட்டால், என் கேள்வியை எனக்கே திருப்பிச் சொன்னார்கள். ஒரு சொல் பிசகவில்லை. என்னை யாரும் இவ்வளவு முழுசாகக் கேட்டதில்லை.

ஒரு விநாடி. மதன்குமார் தரையைப் பார்த்து யோசித்தான்.

இரண்டு விநாடி. பழக்கதோஷம், பதில் என் தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

எதிரில் லோகப்பிரியா எழுந்து நின்றாள்.

வாயை மூடிக்கொண்டேன்.

கதையை இங்கே நிறுத்துகிறேன். மூன்று முடிவும் உங்களுக்குத் தெரியும், யாருக்கு என்ன போகும் என்பதும் தெரியும். நீங்களும் இப்போது ஆறாம் குழுவில்தான் இருக்கிறீர்கள், அதனால் உங்களையும் கேட்கிறேன்: நான் என்ன எழுதட்டும்? அவசரமில்லை, யோசித்துச் சொல்லுங்கள். இந்தத் தடவை நான் பதில் சொல்லப்போவதில்லை. லோகப்பிரியா இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.